ரோலன் கரோஸ் இறுதியாட்டத்தை முற்றத்தில் கூடிப் பார்ப்பது எப்படி

பரிசில் பின்னேரம் மூன்று மணி என்றால் எங்களுக்கு ஆறரை. ஜூன் மாதத்தில் இந்த மூன்றரை மணித்தியால வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோலன் கரோஸின், அதாவது பிரெஞ்சு ஓப்பன் ரெனிஸ் போட்டியின், பெண்கள் இறுதியாட்டம் சனிக்கிழமை, ஆண்களுடையது அடுத்த நாள் ஞாயிறு, வழமையாக இரண்டுமே அங்கே மூன்று மணிக்கு. இங்கே அது விளக்கு வைக்கிற நேரம். மாடு கட்டியாச்சு, கடை பூட்டியாச்சு, குளிச்சாச்சு. ஆக்கள் வரலாம்.

எனக்கு மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகிற றோட்டில் சைக்கிள் கடை. ரயர் மாற்றுவேன், ரியூப் ஒட்டுவேன், மோட்டார்சைக்கிளும் பார்ப்பேன். ரெனிஸ் மட்டை ஒரு நாளும் பிடித்ததில்லை. எங்கள் பக்கம் ரெனிஸ் பந்து என்றால் அது கிரிக்கெட்டுக்கு. பெரியண்ணா பரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் இருக்கிறார், ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வேலை. 2014 இல் ஒரு ஞாயிறு கோல் எடுத்து, "இஞ்ச இண்டைக்குப் பெரிய மச், நடாலும் ஜோகோவிச்சும், ரீவியைப் போட்டுப் பார்" என்றார். அன்று நானும் அம்மாவும் பார்த்தோம். இப்போது என் முற்றத்தில் பதினைந்து பேர் வரை கூடுவார்கள். இத்தனை வருசத்தில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: ரெனிஸ், கதைக்கிறதுக்கு நேரம் விட்டு விளையாடுகிற விளையாட்டு. அந்த நேரம் எது, அதில் எதைக் கதைப்பது என்று பிடிபட்டால், ரெனிஸ் தெரியாத ஆளும் அஞ்சு மணித்தியாலம் எழும்பாமல் இருப்பார்.

முதலில் முற்றம். ரீவியை விறாந்தை விளிம்பில் கிழக்குப் பார்க்க வையுங்கள், மேற்குப் பார்க்க வைத்தால் ஆட்டம் தொடங்குகிற நேரத்து மேற்கு வெளிச்சம் திரையில் அடிக்கும். சோளகம் அடிக்கிற மாதம் என்பதால் டிஷ்ஷின் நட்டுகளை மத்தியானமே இறுக்கிவிடுங்கள். ஒரு விரற்கடை அசைந்தாலும் படம் உறைந்துபோகும். பின்னேரம் முற்றத்துக்குத் தண்ணீர் தெளியுங்கள், புழுதி அடங்கும். அங்கே பரிசிலும் ஆட்டத்துக்கு முன்னர் குழாய் பிடித்துத் தரைக்குத் தண்ணீர் அடிப்பார்கள். வாளியும் கையுமாக நிற்கும்போது எனக்கு அது நினைவு வரும், சந்தோசமாக இருக்கும்.

ஒரு வருசம் மூன்றாவது செற்றில் கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஃபோனை முழுச் சார்ஜில், டேட்டாவும் போட்டு, தனியாக எடுத்து வைக்கிறேன். தின்ன அவித்த கச்சான் வையுங்கள். வறுத்த கச்சான் கோது உடைபடுகிற சத்தத்தில் பந்து படுகிற சத்தம் கேளாது. பாலைப்பழக் காலம் வேறு, காட்டுப் பக்கம் போய் வந்தவர்கள் ஒரு பேணி கொண்டுவருவார்கள். நுளம்புக்கு வேப்பிலைப் புகை.

கணக்கை, அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே சொல்கிறேன். முதல் பொயின்ற் 15, அடுத்தது 30, அடுத்தது 40, நாலாவதை எடுத்தால் கேம். 40-40 என்று நின்றால் டியூஸ், பிறகு தொடர்ந்து இரண்டு எடுக்க வேண்டும். இரண்டு கேம் வித்தியாசத்தில் குறைந்தது ஆறு கேம் எடுத்தால் செற், ஆறுக்கு ஆறு வந்தால் ரைபிரேக்கர், செற்றைத் தீர்க்கிற ஒரு கேம். ஆண்கள் மூன்று செற் வெல்ல வேண்டும், பெண்கள் இரண்டு. கடைசிச் செற்றிலும் 6-6 வந்தால், 2022 இலிருந்து, 10 பொயின்ற் ரைபிரேக்கர். சேர்வ் போடுகிறவர் கேமை எடுப்பது வழமை. மற்றவர் எடுத்தால் அது பிரேக், அங்கேதான் ஆட்டம் திரும்பும். இவ்வளவு போதும். மிச்சத்தைப் பார்க்கப் பார்க்க அவர்களே கேட்பார்கள்.

அடுத்தது மண். இதில் அவசரப்பட வேண்டாம், இறுதியாட்டத்தின் பாதிக் கதை இங்கேதான் கிடக்கிறது.

பத்திரிகைகள் "களிமண் தரை" என்று எழுதுகின்றன. வயலில் இறங்கின ஆளுக்கு அந்தச் சொல் பிழையான படத்தைக் காட்டும். எங்களுக்குக் களி என்றால் மாரியில் காலைப் பிடித்து விடாத மண். ரோலன் கரோஸில் மேலே கிடப்பது செங்கல் இடித்த தூள், அதுவும் 1 அல்லது 2 மில்லிமீற்றர்தான். அதற்குக் கீழே ஆறேழு சென்ரிமீற்றருக்கு நொறுக்கின வெள்ளைச் சுண்ணாம்புக் கல். இன்னும் கீழே எரிந்த நிலக்கரிக் கட்டி, சரளை, பெருங்கல். சுண்ணாம்புக் கல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அந்த ஈரத்தில் சிவப்புத் தூள் ஒட்டிக் கிடக்கும். அடி இறுக்கம், மேல் உதிரி. கிரவல் போட்ட றோட்டில் சைக்கிள் ஓடினவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வளைவில் பிரேக் பிடித்தால் ரயர் உருளாமல் அப்படியே இழுபட்டுப் போகுமே, அதே இழுவையில்தான் இவர்கள் ஓடுகிறார்கள்.

ஆகவே வந்திருக்கிறவர்களிடம் முதல் மூன்று கேமுக்குப் பந்தைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். நல்ல ஆட்டக்காரர் பந்துக்கு இரண்டு மீற்றர் முன்னரே சறுக்கத் தொடங்குவார். சறுக்கி நிற்கிற நேரமும் பந்தை அடிக்கிற நேரமும் ஒன்றாக இருக்கும். அடித்த கையோடு திரும்பி ஓடலாம். மண்ணுக்குப் பழகாதவர் முதலில் அடித்துவிட்டுப் பிறகு சறுக்குவார், அந்தச் சறுக்கல் அவரை இன்னும் வெளியே கொண்டுபோகும், அடுத்த பந்துக்கு ஒரு அடி பிந்துவார். மூன்று கேமில் இது பிடிபட்டுவிடும். எங்கள் பெறாமகள் பத்து வயதில் இதைப் பிடித்தாள்: "சித்தப்பா, இவர் பிந்திச் சறுக்கிறார், தோப்பார்." அன்று அவள் சொன்னது சரியாகவே வந்தது.

சப்பாத்தின் அடியையும் பாருங்கள். ரயர்க் கடைக்காரன் என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போகும். மண் தரைச் சப்பாத்துக்கு மீன்முள்ளு மாதிரி வெட்டு, குதியிலிருந்து நுனி வரை. பொயின்றுகளுக்கு இடையில் மட்டையால் சப்பாத்தின் பக்கத்தைத் தட்டுவார்கள். வெட்டுக்குள் மண் அடைந்தால் பிடிமானம் போய்விடும், அதற்காகத்தான். மாரியில் என் கடைக்கு வருகிற ரயர்களுக்கும் அதே வருத்தம். தட்டுகிற தட்டு கூடினால் தரை ஈரம் என்று அர்த்தம். ஈரத் தரையில் பந்து பாரமாகி மெதுவாக வரும், ஒரு பொயின்றுக்கு நீண்ட நேரம் மாறி மாறி அடிப்பார்கள். வெயில் காய்ந்தால் பந்து வேகமாக எழும்பும், ரொப்ஸ்பின், அதாவது பந்தை முன்னுக்குச் சுழல விட்டு, அடிக்கிற ஆளுக்கு அது வரம். நடால் இடக்கையால் அடித்த பந்து பெடரரின் தோளுக்கு மேல் எழும்பியதை 2008 இறுதியாட்டத்தின் துண்டுகளில் காட்டுங்கள். 6-1, 6-3, 6-0. பெடரர் அந்த நாளில் உலகின் முதலாம் இடத்தில் இருந்தவர்.

பந்து பட்ட தடம் பற்றிச் சொல்வதற்கு வீட்டிலேயே ஒன்று செய்து காட்டலாம். நான் ஒவ்வொரு வருசமும் சனிக்கிழமை பின்னேரம் செய்வது. உடைந்த ஓட்டுத் துண்டு நாலைந்தைச் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் குத்துங்கள். பழைய அரிதட்டில் அரியுங்கள், மா அரிக்கிற அரிதட்டை எடுத்தால் வீட்டில் ஏச்சு விழும். சீமெந்து நிலத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் அந்தத் தூளை மெல்லிசாகத் தூவுங்கள், கோலமா தூவுகிற அளவுக்கு. இப்போது பிள்ளைகளின் ரெனிஸ் பந்தை நேரே கீழே போட்டால் தடம் வட்டமாக விழும். சரித்து எறிந்தால் முட்டை மாதிரி நீண்டு விழும், ஒரு பக்கம் தூள் அள்ளுப்பட்டுக் கிடக்கும். அந்த முட்டையின் ஓரம் கோட்டைத் தொட்டால் பந்து உள்ளே. தடத்துக்கும் கோட்டுக்கும் இடையில் கலையாத தூள் ஒரு நூலளவு தெரிந்தாலும் வெளியே. பிள்ளைகள் குந்தியிருந்து கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அடுத்த நாள் நடுவர் கதிரையிலிருந்து இறங்கி வந்து குனிகிறபோது முற்றத்தில் ஒருவரும் "என்ன தேடுறார்?" என்று கேட்க மாட்டார்கள்.

மற்றப் போட்டிகள் கோட்டைப் பார்க்கிற வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்த பிறகும், 2025 இலும் ரோலன் கரோஸில் கோட்டு நடுவர்கள் நின்றார்கள், தடம்தான் சாட்சி. எனக்கு இது பிடிக்கும். மண் எழுதி வைக்கிறது, மனிசன் வந்து வாசிக்கிறான். இதனால் சண்டையும் வந்திருக்கிறது. 1999 பெண்கள் இறுதியாட்டத்தில் மார்ட்டினா ஹிங்கிஸ் முதல் செற்றை எடுத்து இரண்டாவதில் 2-0 முன்னால் நின்றார். அவருடைய ஒரு பந்தை வெளியே என்றார்கள். அவர் வலையைத் தாண்டி ஸ்டெபி கிராப்பின் பக்கம் போய்த் தடத்தைப் பார்த்தார். மற்றவர் பக்கம் போகக்கூடாது, ஒரு பொயின்ற் தண்டம். சனம் முழுக்க அவருக்கு எதிராகத் திரும்பியது. கிராப் 4-6, 7-5, 6-2 என்று வென்றார். 2024 ஆண்கள் இறுதியாட்டத்தில் ஸ்வெரேவ் அல்கராஸை ஐந்தாவது செற்றில் பிரேக் செய்யப் போகிற பொயின்ற். அல்கராஸின் இரண்டாவது சேர்வை கோட்டு நடுவர் வெளியே என்றார், கதிரை நடுவர் இறங்கித் தடத்தைப் பார்த்து உள்ளே என்றார். பிறகு காட்டின கணினிப் படமோ வெளியே என்றது. எங்கள் முற்றத்தில் அந்தக் கதை கிழமைக் கணக்கில் ஓடியது. கணினிக்கும் ஓரிரு மில்லிமீற்றர் பிழை உண்டு, அங்கே தீர்ப்பு மண்ணுடையது என்பது என் கட்சி. முற்றத்துக்கு வருகிற வொலிபோல் மாஸ்டர் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி, கதைக்கிற நேரம். மூன்று அளவு இருக்கிறது.

ஒரு பொயின்ற் முடிந்து அடுத்த சேர்வ் வரை 25 செக்கன். இதற்குள் ஒரு வசனம் மட்டும். "நல்ல அடி" என்பது வசனம் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஏன் வென்றார் என்று சொல்ல வேண்டும்: "பின்னுக்கு நிண்டவர், அதான் வலைக்குக் கிட்ட விழ ட்ரொப் ஷொட் போட்டது." சறுக்கல், உயரம், நிற்கிற இடம், இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால் 25 செக்கனுக்குள் அடங்கும். பந்து சேர்வுக்காக மேலே எறிபட்டால் எல்லாரும் வாயை மூட வேண்டும். ஆட்டக்காரர் பந்தைக் குத்தத் தொடங்கினாலே நான் கையைத் தூக்கிக் காட்டிவிடுவேன்.

பக்கம் மாறி உட்காருகிற நேரம் 90 செக்கன். இது கேள்விக்கு. புதிதாக வந்தவர்கள் கேட்கட்டும், தெரிந்தவர் ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும், நாலு பேர் சொன்னால் ஒன்றும் விளங்காது. செற்றின் முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது அவர்கள் உட்கார மாட்டார்கள், அப்போது தேத்தண்ணி ஊற்றப் போகாதீர்கள்.

செற் முடிந்தால் இரண்டு நிமிசம். தரையை வலை இழுத்துச் சமப்படுத்தி, கோடுகளைத் தும்பால் கூட்டுவார்கள். பெரிய வாக்குவாதத்துக்கு இதுதான் இடம். ஆர் பெரிய ஆள் என்ற சண்டையை வேறு எந்த நேரத்திலும் விடவேண்டாம், ஆட்டத்தைத் தின்றுவிடும். எங்கள் முற்றத்தில் கட்சிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. மாஸ்டர் நடால். அண்ணா, ஃபோனுக்குள் இருந்துகொண்டு, பெடரர். ஓட்டோ ஓடுகிற மருமகன் ஜோகோவிச். பெறாமகள் ஸ்வியாடெக். ஒவ்வொருவரும் ஒரு ஆட்டத்தைச் சாட்சிக்குக் கொண்டுவர வேண்டும், சும்மா பெயரைச் சொல்லிக் கத்தக்கூடாது என்று வைத்திருக்கிறோம். மாஸ்டர், நடாலுக்கு அங்கே 14 கிண்ணம், 112 வெற்றி, 4 தோல்வி என்று தொடங்குவார். அந்த நாலையும் சொல்லு பார்ப்பம் என்று மருமகன் மடக்குவான்: 2009 இல் சொடர்லிங், 2015 இலும் 2021 இலும் ஜோகோவிச், 2024 முதல் சுற்றில் ஸ்வெரேவ். "நாலில் ரெண்டு எங்கடை ஆள்" என்பதுதான் அவனுடைய சாட்சி. பெடரருக்கு அங்கே 2009 மட்டும்தான் கிண்ணம், அதை அண்ணா விடவே மாட்டார். பெறாமகள் 2020, 2022, 2023, 2024 என்று நாலு விரலை மடக்கிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பாள். முந்தின காலத்து ஆட்டக்காரி கிறிஸ் எவர்ட்டுக்கு அங்கே ஏழு கிண்ணம் என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். இன்னும் மூன்று வேணும் என்று கணக்கு வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை ஆட்டத்தை ஞாயிறுக்கான ஒத்திகை மாதிரி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கோபம். 2025 இல் கோகோ கோஃப் முதல் செற்றை ரைபிரேக்கரில் விட்டு 6-7, 6-2, 6-4 என்று சபலென்காவை வென்றார். அன்று அங்கே காற்று. பந்து போகிற வழியில் விலகியது. சபலென்கா தானாக விட்ட பிழை 70. கோஃப் கோட்டுக்குக் கிட்ட அடிக்காமல், உள்ளே, உயர்த்தி, திரும்பத் திரும்பப் போட்டார். சோளகத்தில் கிடுகு கட்டிப் பழகின எங்கள் பெண்கள் அதை ஆண்களை விட முதலில் விளங்கிக்கொண்டார்கள். சின்னம்மா சொன்னா: "காத்தோட மல்லுக்கட்டாமல் குறுக்கால போறாள் பிள்ளை."

ஃபோனுக்கு ஒரு கட்டுப்பாடு. அண்ணாவின் படம் முதல் வரும், எங்களுடையது பிந்தி வரும், அரை நிமிசம் கூட. ஆட்டம் நடக்கும்போது கோல் திறந்திருக்கக் கூடாது, ஃபோன் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். செற்றுக்கு ஒரு தரம், அந்த இரண்டு நிமிசத்தில் எடுங்கள். இதை நாங்கள் படித்தது 2025 ஜூன் 8 இல், சின்னரும் அல்கராஸும் ஆடின ஆண்கள் இறுதியாட்டத்தில்.

சின்னர் இரண்டு செற் முன்னால். நாலாவது செற் 5-3, அல்கராஸ் சேர்வ், 0-40. சின்னருக்கு மூன்று வெற்றிப் பொயின்ற். முற்றம் அசையவில்லை. மாஸ்டர் எழும்பிச் செருப்பைத் தேடினார். "முடிஞ்சுது, நாளைக்கு வயலுக்குப் போகவேணும்." சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது, யாரோ எடுத்துவிட்டார்கள், அண்ணாவின் குரல் கத்தியது: "தப்பிட்டான்ரா!" எங்கள் திரையில் இன்னும் 30-40. மூன்றாவது பொயின்ற்றை அல்கராஸ் காப்பாற்றியதை நாங்கள் எல்லாரும் முன்னரே தெரிந்துகொண்டு பார்த்தோம். ஒருவரும் மூச்சை அடக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அது நெஞ்சுக்குள் குறை. அப்படி ஒரு பொயின்ற் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தரம்தான் புதிதாகக் கிடைக்கும்.

மாஸ்டர் படலை வரை போனவர் திரும்பி வந்தார், கதிரையில் இருக்காமல் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று மிச்சத்தைப் பார்த்தார். அல்கராஸ் வென்றார்: 4-6, 6-7, 6-4, 7-6, 7-6. கடைசி ரைபிரேக்கர் 10-2. 5 மணித்தியாலம் 29 நிமிசம், ரோலன் கரோஸ் இறுதியாட்டங்களில் எல்லாவற்றிலும் நீண்டது. அதற்கு முன்னர் நீண்டது 1982 இல் விலாண்டரும் விலாஸும் ஆடியது, 4 மணித்தியாலம் 42 நிமிசம். மொத்தப் பொயின்ற்றைக் கூட்டினால் சின்னர் 193, அல்கராஸ் 192. தோற்றவர் ஒரு பொயின்ற் கூடுதலாக எடுத்திருக்கிறார். இந்தக் கணக்கை ஆட்டம் முடிந்த உடனே சொல்லாதீர்கள். கை குலுக்கி, தோற்றவர் முதலில் பேசி, வென்றவர் கிண்ணத்தைத் தூக்கின பிறகு சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

கடைசி வேலை, ஆக்களை வீட்டுக்கு அனுப்புவது. அன்று எங்களுக்கு நடுச்சாமம் ஆகிவிட்டது. துணுக்காய்ப் பக்கம் போகிறவர்களைத் தனியாக விடவேண்டாம், யானை இறங்குகிற றோட்டு. இரண்டு மோட்டார்சைக்கிளாக, லைற்றைக் கூட்டி வைத்துக்கொண்டு போகட்டும். சைக்கிள்காரருக்கு ரோர்ச் கொடுத்து, சந்தி வரை ஒருவர் கூடப் போக வேண்டும். நான் மாஸ்டரோடு போனேன். கிரவலில் அவருடைய முன் ரயர் இழுபட்டது, காலை ஊன்றி நின்று, சைக்கிளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "0-40 இல முதல் பொயின்ற், சின்னர் என்ன செய்திருக்கவேணும் சொல்லு பாப்பம்" என்றார். ரோர்ச்சை நிலத்தில் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று கதைத்தோம்.